ஊட்டு வேலைக்கு ஒரு சான்று

வந்திருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்த இடத்தையும் முதலில் எழுதிவிடுகிறேன். என் அண்ணன் அர்த்தநாரி, தன் கோழிப்பண்ணை ஆபீஸ் ரூமில், மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில். அண்ணன் மனைவி சௌந்திரம், நான் நங்கை என்று கூப்பிடுவேன், வாசலை ஒட்டிய ஸ்டூலில். பேச்சு முற்றினால் டீ போட எழுந்து போவதற்கு வசதியான இடம் அது. நங்கையின் தம்பி கோகுல்ராஜ், திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டியும் பொக்லைனும் வைத்திருப்பவர், சோபாவில், சோபா முழுவதிலும். சேலத்து முட்டை வியாபாரி சைபுல்லா பாய், அண்ணனுடைய முட்டையை வாங்குகிறவர், எனக்கு முதலாளி, சன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில். நான் மேசையின் பக்கவாட்டில், லேப்டாப்போடு. கடைசியாக என் அண்ணன் மகள் ரஞ்சனி, ஜெர்மனியிலிருந்து, செல்போனில். போனை ஒரு முட்டை அட்டையில் சாய்த்து நிறுத்தியிருந்தோம். இது போக ஈக்கள். புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணை ஆபீஸில் கூட்டம் என்றால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் ஒருவரும் எதையும் வரிசையாகச் சொல்லவில்லை.

ரஞ்சனி இங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள். காற்று, சூடு, ஈரம் இவற்றை அளக்கிற சென்சார் சம்பந்தமான படிப்பு. படிக்கிற பிள்ளைகள் இவ்வளவு நேரந்தான் வேலை பார்க்கலாம் என்று அங்கே ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் முதலில் சூப்பர் மார்க்கெட்டில் பால் டப்பா அடுக்கினாள். பிறகு பார்சல் கிடங்கில் பெட்டி பிரித்தாள். கடைசியில் காலேஜ் லேபிலேயே ஓர் உதவியாளர் இடம் கிடைத்தது. அண்ணன் இதையெல்லாம் மொத்தமாகக் கூட்டி, ‘கார் கம்பெனியில இருக்கறா’ என்று ஊரில் சொல்லிவைத்தார்.

படிப்பு முடிந்த பிறகு வேலை தேடிக்கொள்ள அந்த நாட்டில் ஓர் அவகாசம் கொடுக்கிறார்கள். அதற்குள் படித்த படிப்புக்குப் பொருத்தமான வேலை கிடைக்க வேண்டும். பால் டப்பா கணக்கில் வராது. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ரஞ்சனியின் அவகாசத்தில் பெரும்பகுதி நிஜமான கார் கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டதிலேயே கரைந்துவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் வேண்டாம் என்பதை மிக மரியாதையாக எழுதியிருந்தது. மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்போதுதான் அந்த நாட்டின் வடக்கே ஒரு கம்பெனி கூப்பிட்டது. கோழி ஷெட்டுகளுக்குக் காற்றோட்டக் கருவி செய்கிற கம்பெனி. நேர்முகத்தில், ஷெட்டுக்குள் வேலை பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்கள். அந்த நாட்டுக்குப் போனதிலிருந்து வாய் நிறையப் பதில் சொல்லக்கூடிய கேள்வியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று ரஞ்சனி என்னிடம் சொன்னாள். தீவனம் கலந்தது, தண்ணிக் குழாய் அடைப்பு எடுத்தது, ஊசி போடப் பிடித்துக் கொடுத்தது, ஒரு மே மாதத்தில் நடந்தது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பண்ணை முதலாளியிடமிருந்து ஒரு சான்று மட்டும் கேட்டார்கள். என்ன வேலை, எந்தக் காலத்தில், ஏதாவது சிக்கல் வந்தபோது இவள் என்ன செய்தாள். அவ்வளவுதான்.

சான்று எழுதுவது என் தொழில். புதுச்சத்திரம் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது, அனுப்புநர், பெறுநருக்குக் கீழே ‘பொருள்’ என்று ஒரு வரி போடச் சொன்னார்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு பொருள். பாயின் மண்டியில் லாரிக்காரர்களுக்கும் பாங்க்குக்கும் நான் எழுதுகிற கடிதம் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. எங்கள் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி போதாது.

முதல் சான்றை எழுதப் போனபோது அண்ணன், பண்ணை வேலை என்று எழுதவே கூடாது என்றார். கோழியிலிருந்து தப்பட்டும் என்றுதானே அத்தனை தூரம் அனுப்பினேன், அங்கே போயும் கோழியா என்பது அவர் வருத்தம். அதோடு, சொந்தப் பண்ணையில் பிள்ளைகள் செய்வதை எங்கள் பக்கம் யாரும் வேலை என்று சொல்வதில்லை. சம்பளம் இல்லை, வருகைப் பதிவு இல்லை, லீவில் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் கையில் வாளியைக் கொடுப்போம், அவ்வளவுதான். நம்ம ஊட்டு மாட்டைக் கறந்ததுக்கு யாராவது சர்டிபிகேட் குடுப்பாங்களா என்று கேட்டார். கோகுல்ராஜ் ஒரு வழி சொன்னார். ‘டைரக்டர், ஆபரேஷன்ஸ்’ என்று போடுங்கள், எல்லா ஷெட்டையும் மேற்பார்வை பார்த்தாள் என்று எழுதுங்கள். அண்ணன் ஒன்று சேர்த்தார். இந்தப் பண்ணையில் கோழிச் சாவு என்பதே கிடையாது என்று ஒரு வரி. நான் ஆட்சேபம் சொன்னேன். என்னை எழுதுகிற வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். எழுதினேன், அண்ணன் கையெழுத்துப் போட்டார், ஸ்கேன் எடுத்து அனுப்பினோம்.

கம்பெனியிலிருந்து ஆள் எடுக்கிற அம்மா ரஞ்சனிக்கு எழுதிய பதில் எங்கள் சான்றைவிடச் சின்னது. இந்தத் தொழிலில் சாவே இல்லாத பண்ணையை நாங்கள் பார்த்ததில்லை. நீங்கள் நேரில் சொன்னதும் உங்கள் முதலாளி எழுதியதும் வெவ்வேறாக இருக்கின்றன. இரண்டில் எது சரி என்று சொல்லி முதலாளியே கையெழுத்திட்ட ஒரிஜினல் கடிதம் இந்த மாதக் கடைசிக்குள் வர வேண்டும். வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்.

அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பாய் லோடு விஷயமாகப் பேச வந்தவர். அண்ணன்தான், நாலு இடம் தெரிந்தவர், நீங்களும் உட்காருங்கள் என்று உட்கார வைத்துவிட்டார். அதற்காகப் பிறகு வருத்தப்பட்டிருப்பார்.

சான்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எல்லோரும் ரஞ்சனியின் வருங்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். கோகுல்ராஜ், ஜெர்மனி சரிப்படாவிட்டால் கனடா போகட்டும் என்றார். மல்லசமுத்திரத்துப் பையன் ஒருத்தன் அங்கே லாரி ஓட்டி வீடே வாங்கிவிட்டானாம். சங்ககிரியில் கோயமுத்தூர் பஸ் கூட்டமாக இருந்தால் பின்னாலேயே வருகிற ஈரோடு பஸ்ஸில் ஏறிக்கொள்வதைப் போலச் சொன்னார். வேறு நாடு என்றால் விசாவிலிருந்து எல்லாமே புதிதாக ஆரம்பிக்க வேண்டும் மாமா, இங்கே படித்தவளுக்குக் கொடுக்கிற அவகாசம் இங்கே மட்டுந்தான் என்று ரஞ்சனி சொன்னாள். அப்படியானால் இன்னொரு படிப்பில் சேர்ந்து இருந்துகொள் என்றார். அண்ணன், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இல்லாமலா போய்விட்டன என்றார். நங்கை, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் தை மாதத்துக்குள் தெரிந்தால் ஜாதகம் எடுக்கலாம் என்றார். ரஞ்சனி ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்திருந்தார்.

பாய் மட்டும் பேசவில்லை. அவர் மகன் நதீம் பிரிட்டனில் எம்பிஏ படித்தவன். படிப்புக்கு ஏற்ற வேலை வரும்வரை என்று கிடங்கு வேலைக்குப் போனான். வரும்வரை வரும்வரை என்றே அவகாசம் தீர்ந்துபோய், இப்போது மண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பில் போடுகிறான். தொழிலைப் பார்க்க அவனே விரும்பி வந்தான் என்று பாய் சொல்வார். நாங்களும் ஆமாங்க என்போம்.

நான் லேப்டாப்பைத் திறந்து, பொருள்: செல்வி ரஞ்சனி பண்ணையில் வேலை பார்த்தது குறித்து, என்று அடித்து, திரையை எல்லோருக்கும் காட்டினேன். இனி இதை மட்டும் பேசலாம் என்றேன். கோகுல்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, டைரக்டர் எங்கே காணோம் என்றார்.

ரஞ்சனி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். “அத்தை, அந்த மே மாசத்துல இருந்து எழுதுங்க. ரெண்டாவது ஷெட்டுல…”

அண்ணன் கையை உயர்த்தினார். கண்ணால் பாயைக் காட்டினார். பிறகு, டவர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து முட்டை அட்டையின் மேல் குப்புறக் கவிழ்த்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் கோழி செத்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டாக்டரிடமே, இன்னைக்குக் கொஞ்சம் குறைஞ்சுதுங்க என்றுதான் ஆரம்பிப்பார்கள். செத்தது என்ற பேச்சு வாசலைத் தாண்டினால் போதும், நோய் என்பார்கள். தீவனக்காரர் வரமாட்டார், பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியோரம் நின்று மூக்கைப் பொத்துவார், முட்டை எடுப்பவர் வேறு பண்ணை தேடுவார். அந்த மே மாதம் ரெண்டாவது ஷெட் ஒரே நாளில் காலியானபோது, வயதான கோழிகளை முன்கூட்டியே விற்றுவிட்டேன் என்று அண்ணன் எல்லோருக்கும் சொன்னார். முட்டை எடுக்கிறவரான பாய்க்கும் அதையே சொன்னார். இப்போது அவர் எதிரிலேயே அதை எப்படி எழுத முடியும்?

அட்டைக்குள்ளிருந்து, “அப்பா, எனக்கு எல்லாமே கேக்குது” என்று குரல் வந்தது.

பாய் டீ டம்ளரைச் சன்னல் திண்டில் வைத்தார். அவசரமில்லாமல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணே, வயசான கோழின்னு சொன்னீங்க. முந்தின வாரம்வரை உங்க லோடுலயே அந்த ஷெட்டு முட்டைக்குத்தான் ஓடு நல்ல கெட்டி, வயசான கோழின்னா ஓடு மெலிஞ்சிருக்கும். வருசக்கணக்கா எடுக்கறேன், எனக்குத் தெரியாதா? நோயா இருந்தா மத்த ஷெட்டும் போயிருக்கும். போகல. வெயிலுன்னு புரிஞ்சுக்கிட்டேன். நீங்க சொல்லல, நானும் கேக்கல.”

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, உதவிக்குக் கோகுல்ராஜைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதீங்க மச்சான்,” என்றார் கோகுல்ராஜ். “குழி வெட்டுனது என்ற பொக்லைன். தண்ணித் தொட்டிக்குன்னு கேட்டு வாங்கிட்டு வந்தீங்க. தொட்டி எங்கீங்க?”

வண்டியை எடுத்துப் போன டிரைவர் அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கறி பக்கமே போகவில்லையாம். இவ்வளவும் தெரிந்தவர்தான் டைரக்டர் என்று போடச் சொன்னவர். நங்கை காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்தபோது, மல்லசமுத்திரத்தில் இருக்கிற தன் தங்கச்சியிடமும் அவர் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஊருக்கே தெரிந்த ஒன்றை, அவரவருக்குத் தெரியும் என்பதை அடுத்தவருக்குக் காட்டாமல், இத்தனை பேர் இத்தனை வருசம் கட்டிக் காத்திருக்கிறார்கள். தெரியாத இடம் என்று மிச்சம் இருந்தது ஜெர்மனி ஒன்றுதான். அங்கேயும் ரஞ்சனி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நான் போனை எடுத்து மறுபடி நிமிர்த்தி வைத்தேன். ரஞ்சனி அழவில்லை. தலையை வாரி இறுக்கிக் கட்டியிருந்தாள், பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி.

“அப்பா, அவங்க என்னைத்தான் பொய்க்காரின்னு நெனச்சிருக்கறாங்க. உங்களை இல்ல. இல்லைன்னு சொல்றதுக்கு உங்களை உட்டா ஆளு கெடையாது.”

அண்ணன், தீவன வண்டி வருகிற நேரம் என்று சொல்லிவிட்டு எழுந்து ஷெட் பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை தீவன வண்டி வருவதில்லை. அதையும் யாரும் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்துக்குப் பழக்கந்தானே.

அவர் இல்லாத நேரத்தில் நான் ரஞ்சனியிடம் கேட்டுக் கேட்டுக் கடிதத்தை அடித்து முடித்தேன். லீவு நாட்களில் அவள் செய்த வேலைகளை முதலில் போட்டேன். பிறகு அந்த நாள். காற்று அசையாத வெயில். கரண்ட் போனது. ஜெனரேட்டரில் ஒரு பக்கத்து ஃபேன் ஓடவில்லை. ஷெட்டுக்குள் தண்ணீரைப் பீய்ச்சினால் குளிரும் என்று முதலாளி பீய்ச்சச் சொன்னார். காற்று நகராதபோது தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே புழுக்கம் ஏறும், கோழி மூச்சு வாங்கியே போய்விடும், தண்ணீரை நிறுத்தி ஓரத்துச் சாக்குகளைத் தூக்கிக் கட்டலாம் என்று ரஞ்சனி சொன்னாள். முதலாளி கேட்கவில்லை. ஷெட் போனது. அதற்கு அடுத்த கோடையில் அவள் கூண்டு வரிசைகளில் வெப்பமானி தொங்கவிட்டு, அளவெடுத்து, ஃபேன்களை இடம் மாற்றி வைக்கச் சொன்னாள். அன்றிலிருந்து எந்தக் கோடையிலும் அப்படி நடக்கவில்லை. அவள் எப்போது எச்சரித்தாள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சாயங்காலம் என்று போடுங்கள் அத்தை என்றாள். போட்டேன்.

கோகுல்ராஜ் அதற்குள் இரண்டு தடவை டைரக்டரை ஞாபகப்படுத்தினார். மூன்றாவது தடவை பாயே, தம்பி, விடுங்க என்றார்.

அண்ணன் திரும்பி வந்தபோது பேன்ட் முழங்காலில் தவிட்டுத் தூசி ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். பிரிண்ட் எடுத்த தாளை முன்னால் வைத்தேன். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்லட்டுமா என்றேன்.

“வேண்டாம். என்ற காதுல அதைப் படிக்காத. கையெழுத்து எங்கன்னு காட்டு.”

காட்டினேன். பேனாவைத் திறந்தார், தாளின் மேல் வைத்தார், எழுதவில்லை. ஒரு ஈ வந்து அவர் விரலில் உட்கார்ந்தது. ஓட்டவில்லை.

“அவ எப்பச் சொன்னான்னு போட்டிருக்கற?”

“சாயங்காலம்னு.”

“சாயங்காலம் சொல்லி என்ன பிரயோசனம். அப்ப எல்லாமே முடிஞ்சுது.” பேனாவை மூடினார். “மத்தியானம். சோத்துக்கு வந்தப்பவே சொன்னா. நாந்தான், நீ படிச்சது காயிதத்துலன்னு சொல்லிப் போட்டு எந்திரிச்சுப் போனேன். மாத்து.”

நான் போனைப் பார்த்தேன். அங்கே நேர்முகத்தில் என்ன சொன்னாய் என்று ரஞ்சனியைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, மத்தியானம் என்றுதான் அத்தை என்றாள். ஆக, அப்பனைக் காப்பாற்ற இவளும் ஒரு வரியை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். இதையும் அப்படியே அனுப்பியிருந்தால் ஜெர்மனிக்கு மறுபடியும் ஒன்றுக்கொன்று ஒட்டாத கதை போயிருக்கும். இந்தக் குடும்பத்தில் யாரைத்தான் திட்டுவது என்று எனக்கு விளங்கவில்லை. மத்தியானம் என்று திருத்தினேன். பிரிண்டரில் மை தீர்ந்துபோயிருந்தது. அதைச் சொன்னபோது முதல் தடவையாக எல்லோரும் ஒரே விஷயத்தைப் பேசினார்கள்.

கோகுல்ராஜ் தன் காரில் புதுச்சத்திரம் ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கடை மூடியிருக்க, கடைக்காரரை வீட்டிலிருந்து அழைத்து வந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அந்த வகையில் அவர் உதவியை மறைக்கக் கூடாது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். பண்ணை முத்திரையைக் கையெழுத்தின் மேல் குத்துவதா, பக்கத்தில் குத்துவதா என்று ஒரு விவாதம் நடந்தது. நான் கலந்துகொள்ளவில்லை. தாளை வாங்கி ஸ்கேன் எடுத்து ரஞ்சனிக்கு அனுப்பினேன். போனில் அவள் அதைத் திறந்து படிக்கிற வரை யாரும் எழுந்திருக்கவில்லை. படித்து முடித்து, சரி அப்பா என்றாள். அண்ணன், சாப்டயா கண்ணு என்று கேட்டார். அங்கே அப்போதுதான் விடிந்து கொஞ்ச நேரமாகியிருந்தது.

மறுநாள் மண்டிக்குப் போகிற வழியில் சேலம் தபால் நிலையத்தில் இறங்கினேன். வெளிநாட்டுக்குத் தபால் எடுக்கிற வரிசை நீண்டிருந்தது. கடிதத்தை மடிக்காமல் அட்டை வைத்து உறைக்குள் போட்டு, பெறுநர் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, அனுப்புநரில் அண்ணன் பெயரை எழுதினேன். உறையின் வாயை ஒட்டப் பசைப் புட்டியைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. அண்ணன்.

ராத்திரியெல்லாம் யோசித்தாராம். இப்போது புது ஃபேன் போட்டிருக்கிறோம், பண்ணை முன்னைப் போல இல்லை, இப்போதெல்லாம் குறைவதே கிடையாது என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட முடியுமா, இடம் இருக்கிறதா என்று கேட்டார். இடம் இருந்தது.

“ஒட்டிட்டனுங்ணா,” என்றேன்.

அப்படியா என்றார். சரி, அனுப்பு என்றார். போனை வைத்தேன். பசையைத் தடவி, விளிம்பை உள்ளங்கையால் அழுத்தி, ஒட்டியதை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, உறையைக் கவுண்ட்டர் கம்பிக்குள் நீட்டினேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள். கடிதம் என்றேன். எடை போட்டு, முத்திரை குத்தி, பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டார்கள்.